லினக்ஸ் கண்டுகொள்ளாத டச்பேட்: ஏசிபிஐ அட்டவணையைத் திருத்துவதா, வேறு வழி தேடுவதா?

லினக்ஸை நிறுவி முடித்ததும் திரை, ஒலி, வைஃபை எல்லாம் ஒழுங்காக இயங்க, டச்பேட் மட்டும் அசைவே இல்லாமல் கிடக்கும் மடிக்கணினிகளைப் பலர் பார்த்திருப்பார்கள். அதே கணினியில் விண்டோஸை ஏற்றினால் டச்பேட் குறையின்றி வேலை செய்கிறது என்றால், வன்பொருளில் பழுதில்லை என்பது உறுதியாகிவிடுகிறது. வன்பொருளுக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே நின்று "இன்ன இடத்தில் இன்ன சாதனம் இருக்கிறது" என்று அறிவிக்க வேண்டிய ஏசிபிஐ அட்டவணைகளின்மீது அப்போது சந்தேகம் திரும்புகிறது. அவற்றைச் சரிசெய்ய ஐந்து வழிகள் உள்ளன. ஐந்தாலும் டச்பேடை உயிர்ப்பிக்க முடியும் என்றாலும், ஆறு மாதம் கழித்து அவை நம்மை விட்டுச்செல்லும் நிலை ஒன்றுபோல் இருப்பதில்லை. அந்த ஆறு மாதத்துக்குப் பிந்தைய நிலையை வைத்தே அவற்றை இங்கே ஒப்பிடுகிறேன்.

யுஎஸ்பி, பிசிஐ ஆகிய தடங்களில் உள்ள சாதனங்கள், தம்மை யாரென்று தாமே சொல்லக்கூடியவை. இயங்குதளம் கேட்டால் தயாரிப்பாளர் எண்ணையும் சாதன எண்ணையும் தந்துவிடும். இன்றைய டச்பேடுகள் பெரும்பாலும் இணைக்கப்பட்டிருக்கும் ஐ2சி தடத்தில் அந்த வசதி இல்லை. எந்த முகவரியில் சாதனம் இருக்கிறது, அதன் இன்டரப்ட் (கவனிக்கச் சொல்லும் சைகை) எந்த ஜிபிஐஓ முனையில் (சில்லின் பொதுப்பயன் மின்முனை) வருகிறது என்பதையெல்லாம் வேறு யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் 1996 டிசம்பரில் வெளியிட்டு, 2013 முதல் யுஇஎஃப்ஐ மன்றத்தின் பொறுப்பில் இருக்கும் ஏசிபிஐ தரநிலை, 2011இல் வந்த 5.0 பதிப்பில்தான் ஐ2சி தடத்தையும் ஜிபிஐஓ முனைகளையும் விவரிக்கும் வழியைப் பெற்றது. பழைய பிஎஸ்/2 டச்பேடுகளுக்கு இப்படியொரு சிக்கல் பெரும்பாலும் வராததற்கும், புதிய கணினிகளில் அது அடிக்கடி வருவதற்கும் காரணம் இதுதான்.

"அட்டவணை" என்ற சொல் இங்கே சற்றுத் திசைதிருப்பக்கூடியது. டிஎஸ்டிடி என்னும் முதன்மை அட்டவணையும் அதற்குத் துணையாக வரும் எஸ்எஸ்டிடி அட்டவணைகளும் வெறும் பட்டியல்கள் அல்ல. ஏஎம்எல் என்ற பைட்கோடில் எழுதப்பட்ட நிரல்கள். லினக்ஸின் மையக்கருவான கெர்னல் அவற்றை இயக்கிப் பார்த்தே விடைகளைப் பெறுகிறது. நிரல் என்பதால் அதில் நிபந்தனைகள் இருக்கும். நிபந்தனைகள் இருப்பதால் ஒரே அட்டவணை விண்டோஸுக்கு ஒரு விடையும் லினக்ஸுக்கு வேறொரு விடையும் தர இடமுண்டு. இன்டெல் மடிக்கணினிகள் பலவற்றின் டிஎஸ்டிடியில், கணினி தொடங்கும்போது "நீ எந்த விண்டோஸ்?" என்று ஓஎஸ்ஐ முறை (அட்டவணை நிரலின் ஒரு செயல்கூறு) வழியாகக் கேட்டு, விடையை ஓஎஸ்ஒய்எஸ் என்ற மாறியில் ஆண்டு எண்ணாகச் சேமிக்கிறார்கள்: விண்டோஸ் 7 என்றால் 2009, விண்டோஸ் 8 என்றால் 2012, விண்டோஸ் 10 என்றால் 2015. டச்பேடின் முகவரியையும் இன்டரப்டையும் தரும் பகுதி, அந்த எண் 2012க்குக் குறைவாக இருந்தால் ஒரு விவரத்தையும் இல்லையென்றால் இன்னொன்றையும் தருவது வழக்கம். லினக்ஸ் கெர்னல் இந்தக் கேள்விக்கு விண்டோஸ் பெயர்கள் அனைத்துக்கும் "ஆம்" என்றே சொல்கிறது. 2007இல் வந்த 2.6.23 பதிப்பிலிருந்து "லினக்ஸ்" என்ற பெயருக்கு மட்டும் "ஆம்" சொல்வதில்லை. தயாரிப்பாளர்கள் விண்டோஸில் மட்டுமே சோதித்துப் பார்த்த பாதையில்தான் லினக்ஸும் நடப்பது பாதுகாப்பு என்ற நியாயமான முடிவு அது.

முதலில் பிழை எங்கே என்று பார்க்க வேண்டும்

வழியைத் தேர்வதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. அதைச் செய்யாமல் அட்டவணையில் கைவைத்தவர்கள் பலர், பிழையே இல்லாத அட்டவணையைத் திருத்திக்கொண்டிருந்தார்கள் என்பது என் அனுபவம்.

கெர்னல் தான் அறிந்த சாதனங்களைக் காட்டும் சிஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையில் ஏசிபிஐ சாதனங்களுக்கான கோப்புறையைத் திறந்தால், ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு பதிவு இருக்கும். ஐ2சி வழியாகப் பேசும் டச்பேடு, தொடுதிரை முதலியவற்றுக்குப் பொதுவான அடையாளம் பிஎன்பி 0சி50. அந்த அடையாளமுள்ள பதிவைத் தேடி, அதன் நிலைக் கோப்பில் என்ன எண் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 15 என்றால், சாதனம் இருக்கிறது, இயக்கப்பட்டிருக்கிறது, காட்டத் தக்கது, ஒழுங்காகச் செயல்படுகிறது என்ற நான்கு பிட்டுகளும் எழுந்து நிற்கின்றன என்று பொருள். 0 என்றால் சாதனத்தின் நிலையைச் சொல்லும், அட்டவணையின் எஸ்டிஏ முறையே "அப்படியொரு சாதனம் இல்லை" என்று சொல்லிவிட்டது. பதிவே இல்லை என்றால் தயாரிப்பாளர் அதை எழுதவே இல்லை, அல்லது அது இருக்க வேண்டிய துணை அட்டவணை ஏற்றப்படவில்லை.

எண் 15 ஆக இருந்தும் டச்பேட் வேலை செய்யவில்லை என்றால், பெரும்பாலும் அட்டவணைமீது குற்றமில்லை. ஐ2சி கட்டுப்படுத்திக்கான டிரைவரோ, ஜிபிஐஓ முனைகளை நிர்வகிக்கும் பின்கன்ட்ரோல் டிரைவரோ கெர்னலில் சேர்க்கப்படாமல் இருக்கலாம். அப்போது டச்பேடின் டிரைவர் தனக்கு வேண்டியது வரட்டும் என்று காத்துக்கொண்டே இருக்கும். பிழைதேடலுக்கான டீபக்எஃப்எஸ் கோப்பு முறைமையில் உள்ள தள்ளிவைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலில் அதன் பெயர் தென்படும். டிரைவர் இணைந்த பிறகும் சுட்டி அசையவில்லை என்றால், விரலை டச்பேடில் நகர்த்திக்கொண்டே இன்டரப்ட் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்ப்பது அடுத்த படி. ஏறவில்லை என்றால் முனை எண்ணிலோ மின்னழுத்த நிலையிலோ பிழை. இந்த அரைமணி நேரச் சோதனை, கீழே வரும் வழிகளில் பாதியைத் தானாகவே விலக்கிவிடும்.

பயாஸும் கெர்னல் அளவுருவும்

கணினியைத் தொடக்கிவைத்து, ஏசிபிஐ அட்டவணைகளையும் தரும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அமைப்புத் திரையைப் பார்ப்பது மிக எளிய வழி. சில மடிக்கணினிகளில் டச்பேடுக்கு "அடிப்படை", "மேம்பட்டது" என்ற பொருளில் இரு தேர்வுகள் இருக்கும். முதலாவது பிஎஸ்/2 வழி, இரண்டாவது ஐ2சி வழி. அடிப்படைக்கு மாற்றினால் டச்பேட் உடனே வேலை செய்யும். ஆனால் பல விரல் சைகைகள் பெரும்பாலும் போய்விடும். அவசரத்துக்கு உதவும் ஏற்பாடு என்பதற்கு மேல் இதைச் சொல்ல முடியாது. பயாஸ் புதுப்பிப்பு அப்படியல்ல. பிழை எங்கே பிறந்ததோ அங்கேயே அதைத் திருத்தும் ஒரே வழி அதுதான். ரெட் ஹாட்டைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹியூஸ் தொடங்கிய எஃப்டபிள்யூஅப்டி திட்டத்தின் வழியாகப் பல தயாரிப்பாளர்களின் புதுப்பிப்புகள் இப்போது லினக்ஸிலிருந்தே கிடைக்கின்றன. எல்லா வழிகளுக்கும் முன்னே இதைப் பார்த்துவிட வேண்டும். ஆனால், விண்டோஸில் வெளிப்படாத பிழைக்காகத் தயாரிப்பாளர் புதுப்பிப்பு வெளியிடுவார் என்று காத்திருப்பதில் பயன் குறைவு.

அடுத்தது, கெர்னலை ஏற்றும் பூட் லோடரில் ஓஎஸ்ஐ விடைகளை மாற்றும் அளவுருவைச் சேர்ப்பது. விண்டோஸ் பெயர்கள் அனைத்தையும் நீக்கிவிட்டு ஒரு பழைய பதிப்பின் பெயரை மட்டும் சேர்க்கலாம், அல்லது ஒரே ஒரு பெயரை நீக்கலாம். இரண்டு நிமிட வேலை. பிடிக்கவில்லை என்றால் அடுத்த பூட்டில் அழித்துவிடலாம். சோதனைக் கருவியாக இதற்கு இணையில்லை: பழைய பெயரைச் சொன்னதும் டச்பேட் எழுந்தால், பிழை ஓஎஸ்ஒய்எஸ் நிபந்தனையில் இருக்கிறது என்பது தெளிவாகிவிடும். ஆனால் நிலையான தீர்வாக இதை நான் பரிந்துரைப்பதில்லை. அந்த ஒரு விடையை நம்பியிருப்பது டச்பேட் மட்டுமல்ல. திரை வெளிச்சம், சிறப்பு விசைகள், உறக்க நிலை, தண்டர்போல்ட் என்று பலவும் அதே மாறியைப் பார்த்தே தம் பாதையைத் தேர்கின்றன. டச்பேடுக்காக விண்டோஸ் 7 என்று சொன்ன கணினி, மூடிவைத்த பையில் பேட்டரியைத் தின்று தீர்க்கத் தொடங்கினால், அந்தத் தொடர்பு மூன்று மாதம் கழித்து யாருக்கும் நினைவில் இருக்காது.

முழு அட்டவணையா, சிறு துணை அட்டவணையா?

உண்மையான தேர்வு இந்த இரண்டுக்கும் இடையில்தான். இரண்டுக்கும் கருவிகள் ஒன்றே. ஏசிபிஐ டம்ப் நிரலால் அட்டவணைகளைக் கோப்பாக எடுத்து, இன்டெல்லின் ஐஏஎஸ்எல் நிரலால் மனிதர் படிக்கக்கூடிய ஏஎஸ்எல் மொழிக்கு மாற்றி, திருத்தி, மீண்டும் பைட்கோடாக்க வேண்டும். எஸ்எஸ்டிடிகளையும் உடன் கொடுத்து மாற்றவில்லை என்றால், வெளியே வரையறுக்கப்பட்ட முறைகள் எத்தனை உள்ளீடுகளை ஏற்கின்றன என்பதை ஐஏஎஸ்எல் ஊகிக்க வேண்டியிருக்கும். ஊகம் தவறினால் முழு நிரலின் பொருளும் குலைந்துவிடும். திருத்திய கோப்பை, சுருக்கப்படாத சிபிஐஓ பொதியில் கெர்னல் எதிர்பார்க்கும் கோப்புறைப் பாதையில் வைத்து, தொடக்கத்தில் கெர்னலோடு ஏறும் கோப்புத் தொகுப்பான இனிட்ஆர்டிக்கு முன்னால் சேர்த்தால் கெர்னல் தொடக்கத்திலேயே அதை எடுத்துக்கொள்ளும். 2013 முதல் கெர்னலில் இந்த வசதி இருக்கிறது. கையொப்பமும் தயாரிப்பாளர் அடையாளமும் அட்டவணை அடையாளமும் பயாஸில் உள்ளதோடு பொருந்தி, திருத்த எண் அதைவிடப் பெரிதாக இருந்தால் மட்டுமே நம் கோப்பு பழையதன் இடத்தைப் பிடிக்கும். அந்த எண்ணை ஒன்று கூட்ட மறந்துவிட்டு, மாற்றம் ஏன் நடக்கவில்லை என்று தேடுவோர் பலர். பொருந்தும் அட்டவணையே இல்லை என்றால் நம்முடையது புதிய அட்டவணையாகச் சேர்க்கப்படும்.

முழு டிஎஸ்டிடியை மாற்றுவதன் வலிமை வெளிப்படையானது. எந்த நிபந்தனையையும் அழிக்கலாம், எந்த முறையையும் திரும்ப எழுதலாம். செய்ய முடியாதது எதுவுமில்லை. இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பல இதையே முதலில் சொல்லித் தருகின்றன. அது சரியான வரிசை இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஏனென்று விளக்க வேண்டும்.

பயாஸ், டிஎஸ்டிடியை ஒவ்வொரு பூட்டிலும் அப்படியே நினைவகத்தில் வைப்பதில்லை. சில எண்களை அப்போதே நிரப்பிவைக்கிறது. அவற்றுள் முதன்மையானது ஜிஎன்விஎஸ் என்ற நினைவகப் பகுதியின் முகவரி. பயாஸும் அட்டவணையும் தமக்குள் தகவல் பரிமாறும் பலகை அது. எந்த டச்பேட் பொருத்தப்பட்டிருக்கிறது என்ற தகவல்கூட அதில்தான் இருக்கும். நாம் அட்டவணையைக் கோப்பாக எடுக்கும் நொடியில் அந்த முகவரி நம் கோப்பில் உறைந்துவிடுகிறது. பயாஸைப் புதுப்பித்தாலோ, நினைவகத்தைக் கூட்டினாலோ, சில சமயம் பயாஸ் அமைப்பில் ஒரு தேர்வை மாற்றினாலோகூட உண்மையான முகவரி நகரக்கூடும். உறைந்த கோப்பு அதை அறியாது. அதன் பிறகு ஏஎம்எல் நிரல் வேறு யாருடைய நினைவகத்தையோ படிக்கிறது; இன்னும் மோசமாக, அதில் எழுதவும் செய்கிறது. எனக்கே இது நடந்தது. முழு டிஎஸ்டிடியை மாற்றி மாதக்கணக்கில் நன்றாக ஓடிய ஒரு மடிக்கணினியில் நினைவகத்தை 8 ஜிபியிலிருந்து 16 ஜிபியாகக் கூட்டிய பிறகு, பேட்டரி அளவு தாறுமாறாகக் காட்டத் தொடங்கியது. மூடியைத் திறந்தாலும் கணினி விழிக்கவில்லை. புதிய நினைவகச் சில்லைத்தான் சந்தேகித்தேனே தவிர, எப்போதோ இனிட்ஆர்டிக்குள் வைத்த கோப்பு நினைவுக்கு வர இரண்டு நாள் ஆயிற்று.

இன்னொரு குறையும் உண்டு. நம் கோப்பு எந்த பயாஸ் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைக் கெர்னல் சரிபார்ப்பதில்லை. திருத்த எண்ணை மட்டுமே பார்க்கிறது. தயாரிப்பாளர் புதிய பயாஸில் பிழையைத் திருத்தினாலும் அந்த எண்ணைப் பெரும்பாலும் மாற்றுவதில்லை. ஆகவே நல்ல புதிய அட்டவணையை நம்முடைய பழைய கோப்பே மறைத்துவிடும்.

சிறு எஸ்எஸ்டிடி இந்த இரண்டு குறைகளிலிருந்தும் பெரும்பாலும் தப்பிக்கிறது. அதில் இருப்பது இருபது முப்பது வரிகள் மட்டுமே. ஜிஎன்விஎஸ் முகவரியை அது தாங்குவதில்லை, அதில் உள்ள மாறியைப் பெயரால் மட்டுமே குறிப்பிடுகிறது. பயாஸ் மாறினாலும் பெயர்கள் மாறுவது அரிது. மாறினால்கூட அட்டவணை ஏறாமல் கெர்னல் பதிவில் பிழைச் செய்தி விழுமே தவிர, வேறொருவர் நினைவகம் கெடாது. ஒரு பிழை அமைதியாக நிகழ்வதற்கும் கூவிச் சொல்லிவிட்டு நிகழ்வதற்கும் உள்ள இந்த வேறுபாடுதான் என் தராசைச் சாய்க்கிறது.

இதற்கு ஓர் எல்லை உண்டு. ஏற்கெனவே உள்ள பெயரை எஸ்எஸ்டிடியால் மீண்டும் வரையறுக்க முடியாது. முயன்றால் "முன்பே உள்ளது" என்ற பிழையோடு கெர்னல் மறுத்துவிடும். ஆகவே டச்பேடின் எஸ்டிஏ முறையில் தவறு என்றால் அந்த முறையை நேராகத் திருத்த இயலாது. ஆனால் அந்த முறை எதைப் பார்த்து முடிவெடுக்கிறது என்று படித்தால், பெரும்பாலும் அது ஒரு மாறியாகவே இருக்கும். அந்த மாறிக்குச் சரியான மதிப்பை அட்டவணை ஏறும்போதே எழுதிவைத்தால் போதும். மாறியும் இல்லை, நிபந்தனை நிரலுக்குள்ளேயே பதிந்திருக்கிறது என்றால், பழைய பதிவை அப்படியே உறங்கவிட்டு, அதே ஐ2சி கட்டுப்படுத்தியின்கீழ் புதிய பெயரில் டச்பேடைப் புதிதாக அறிவிக்கலாம். அப்போது பிஎன்பி 0சி50 அடையாளம், ஐ2சி முகவரி, ஜிபிஐஓ முனை, டச்பேட் தன்னைப் பற்றித் தரும் விவரிப்பான் எந்தப் பதிவகத்தில் இருக்கிறது என்று சொல்லும் டிஎஸ்எம் முறை ஆகிய நான்கும் சரியாக இருக்க வேண்டும். இவை அனைத்தும் பழைய பதிவிலேயே கிடைக்கும். நகலெடுப்பதற்கு மேல் பெரிய வேலையில்லை.

சோதிப்பதிலும் எஸ்எஸ்டிடிக்கு ஒரு சலுகை இருக்கிறது. கான்ஃபிக்எஃப்எஸ் வசதி இயக்கப்பட்ட கெர்னலில், ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலேயே அதை ஏற்றிப் பார்க்கலாம். தவறினால் மறுபடி பூட் செய்ததும் தடமே இருக்காது. முழு டிஎஸ்டிடிக்கு அந்த வழியில்லை. எதைத் தேர்ந்தாலும், திருத்திய கோப்பு இல்லாத பூட் பதிவு ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். விசைப்பலகையே இயங்காமல் போன கணினியில், இனிட்ஆர்டியைத் திருத்த உட்கார்வது கொடுமை.

பாதுகாப்பு பூட் இருந்தால்

கையொப்பமிட்ட மென்பொருளை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட் இயக்கப்பட்டிருந்தால் இந்த இரு வழிகளுமே பெரும்பாலும் அடைபட்டுவிடும். 2019இல் 5.4 பதிப்பில் சேர்ந்த லாக்டவுன் வசதி, இனிட்ஆர்டியில் உள்ள அட்டவணைகளைப் புறக்கணிக்கும். இது அளவுக்கு மீறிய கெடுபிடி என்று சிலர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள்; நான் அப்படி நினைக்கவில்லை. ஏஎம்எல் நிரல் கெர்னலின் முழு அதிகாரத்தோடு ஓடுகிறது. நினைவகத்தின் எந்த மூலையையும் அது தொட முடியும். கையொப்பமில்லாத அட்டவணையை அனுமதிப்பது, கையொப்பமில்லாத கெர்னல் தொகுதியை அனுமதிப்பதற்குச் சமம். கிரப் பூட் லோடரிலும் அட்டவணை ஏற்றும் கட்டளை ஒன்று உண்டு. செக்யூர் பூட்டை அதன் வழியாகத் தாண்ட முடிந்தது என்பது 2021இல் வெளியான பாதுகாப்புக் குறையாகப் பதிவாகி, பிறகு அதுவும் அடைக்கப்பட்டது. அலுவலகத் தகவல் உள்ள கணினியில் டச்பேடுக்காகச் செக்யூர் பூட்டை அணைப்பது என் பார்வையில் ஏற்கத் தக்க விலையல்ல. அங்கே ஒரு யுஎஸ்பி சுட்டியை வைத்துக்கொண்டு அடுத்த வழிக்காகக் காத்திருப்பதே மேல்.

அந்த அடுத்த வழி, கெர்னலிலேயே திருத்தத்தைச் சேர்ப்பது. கெர்னல், கணினியின் தயாரிப்பாளர் பெயரையும் மாடல் பெயரையும் பயாஸ் தரும் டிஎம்ஐ தகவலிலிருந்து படித்து, குறிப்பிட்ட மாடல்களுக்கு மட்டும் விதிவிலக்குகளை வைத்திருக்கிறது. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு விசைப்பலகையின் 1ஆம் எண் இன்டரப்ட். சில மடிக்கணினிகளின் டிஎஸ்டிடி அந்த இன்டரப்டைத் தாழ்நிலையில் செயல்படுவதாகச் சரியாகவே அறிவிக்கிறது. பழைய மரபைப் பின்பற்றிய கெர்னலோ அதை உயர்நிலை என்று மாற்றி எழுதிவிட, விசைப்பலகை ஊமையாகிறது. பிழை அட்டவணையில் இல்லை, கெர்னலின் ஊகத்தில் இருக்கிறது. எனவே அத்தகைய மாடல்களின் பட்டியல் ஒன்று கெர்னலின் ஏசிபிஐ வளங்களுக்கான கோப்பில் சேர்க்கப்பட்டு வளர்ந்துவந்தது. டச்பேடுகளுக்கும் இப்படி உண்டு: விவரிப்பானைச் சரியாகத் தராத ஒரு மலிவு டச்பேடுக்காக, அந்த விவரிப்பானையே கெர்னல் தன்னிடம் வைத்திருந்து தருகிறது.

இந்த வழியில் நம் கையில் எதையும் பராமரிக்க வேண்டியதில்லை. செக்யூர் பூட் அப்படியே இருக்கும். அதே மாடலை வாங்கிய முகம் தெரியாத எத்தனையோ பேருக்கும் குறை தீரும். விலை, காலம் மட்டுமே. கெர்னலின் புதிய பதிப்பு ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு முறை வருகிறது. நிலைப் பதிப்புகளுக்கு அந்தத் திருத்தம் இறங்கி, நம் டிஸ்ட்ரோ (நாம் நிறுவிய லினக்ஸ் விநியோகம்) அதை எடுத்துக்கொள்ள இன்னும் சில வாரங்கள் ஆகலாம். அதுவரைக்கும் மேலே சொன்ன சிறு எஸ்எஸ்டிடி வேலையைத் தாங்கும். ஆகவே இவ்விரண்டையும் மாற்று வழிகளாகப் பார்க்காமல், ஒன்று மற்றதற்குப் பாலம் என்று வைத்துக்கொள்கிறேன். முழு டிஎஸ்டிடியை, எஸ்எஸ்டிடியால் எட்டவே முடியாத பிழை என்று உறுதியான பிறகு மட்டுமே தொடுவேன். அப்போதும் பயாஸ் பதிப்பு எண்ணைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவைப்பேன்.

பிழையறிக்கை அனுப்பும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அட்டவணையை மாற்றிய கெர்னல், தன் பிழைச் செய்திகளில் "ஏ" என்ற ஆங்கில எழுத்தைக் கறைக்குறியாகச் சேர்த்துக்கொள்ளும். அதைக் கண்டதும் மூல அட்டவணையோடு மீண்டும் சோதிக்கும்படி பராமரிப்பாளர்கள் கேட்பார்கள், அது முறைதான். எனவே மாற்றமில்லாத பூட் பதிவில் நுழைந்து, அங்கே எடுத்த ஏசிபிஐ டம்பையும், டிஎம்ஐ தகவலையும், முழுக் கெர்னல் பதிவையும், நிலைக் கோப்பில் கண்ட எண்ணையும் சேர்த்து அனுப்ப வேண்டும். திருத்தம் சேர்ந்த கெர்னல் வந்து இறங்கிய அன்றே இனிட்ஆர்டியிலிருந்து நம் எஸ்எஸ்டிடியை எடுத்துவிட்டு, மறுபடி பூட் செய்து, நிலைக் கோப்பில் 15 நிற்கிறதா, கறைக்குறி மறைந்ததா என்று இரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.